சூடு போன இடம்

கூரையில் நீர் ஆடியது.

விடிந்த வெயில் ஜன்னல் வழியே வந்து, தொட்டித் தண்ணீரில் விழுந்து, அங்கிருந்து எகிறி மேலே போனது. வெள்ளையடித்த கூரையில் வெளிச்சம் நெளிந்தது. சுருங்கியது. விரிந்தது. மீன் ஒன்று வாலை அடித்தால் கூரை முழுக்கக் குலுங்கும்.

முனிரத்தினம் அதைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்க்க அவருக்கு ஏது நேரம்? தொட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த வெப்பமானியைத்தான் பார்த்தார். முப்பதைத் தொட்டிருந்தது. காலையிலேயே முப்பது என்றால் மதியத்துக்கு என்ன ஆகும்?

கட்டிலில் நவநீதம் படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது.

வேலூரில் கத்திரி தொடங்கியிருந்தது. ஊரைச் சுற்றி மொட்டைப் பாறை மலைகள். பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் அதை ஊருக்குள் திருப்பி ஊதும் மலைகள். காலையில் மேலே இருந்து சூடு. மாலையில் பக்கத்தில் இருந்து சூடு. நடுவில் மனுஷன்.

அவர்கள் இருந்தது மாடி வீடு. ஒரே கூடம். கூடத்தின் ஓரத்தில் ஒரு சமையல் மேடை, அதற்கு அடுத்து குளியலறை. தலைக்கு மேலே தளம், தளத்துக்கு மேலே நேராகச் சூரியன். கீழே வீட்டுக்கார அம்மா மெஹருன்னிசா இருந்தாள். அந்த வீட்டுக்குக் குடையாக இந்த வீடு இருந்தது. இந்த வீட்டுக்குக் குடை கிடையாது.

கூடத்தில் இருந்தவை கொஞ்சம்தான். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் உயரப் பலகை வைத்த தேக்குக் கட்டில். நவநீதத்தின் அப்பா கல்யாணத்துக்குச் செய்து கொடுத்தது. தலைமாட்டுப் பக்கம் ஃபிரிட்ஜ். கால்மாட்டுக்கு அப்பால், ஜன்னலுக்கு அடியில், அவளுடைய தையல் மெஷின் மேசை. மேசையின் மேல் மீன் தொட்டி.

தை பிறந்த வாரம் அது. பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தவள் ஊசியும் கையுமாகச் சரிந்தாள். வலக்கை போனது. வலக்கால் போனது. பேச்சு போனது.

போனதில் எது பெரிது என்று கேட்டால் முனிரத்தினம் பேச்சைத்தான் சொல்வார். அப்படிப் பேசினவள் அவள். துணி கொடுக்க வந்தவர்கள் துணியை மறந்துவிட்டு அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அவரை விட்டுவைத்தாளா? லாரி ஷெட்டில் ரேடியேட்டர் வேலை பார்த்தவர் அவர். ரேடியேட்டர் முனி என்றால் காட்பாடி ரோட்டில் எந்த டிரைவருக்கும் தெரியும். கொதித்து நிற்கும் இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்து, எவ்வளவு சூடு, எங்கே அடைப்பு என்று சொல்லிவிடுவார். அந்தப் பேரைத்தான் அவள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வைத்து வாருவாள்.

"ஊர்ல கீற இன்ஜினுக்கெல்லாம் சூடு தணிக்கிற. வூட்டுல ஒருத்தி வெந்துகினு கீறேன், கண்ணுக்குத் தெரியல உனக்கு."

சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். அவரும் சிரிப்பார். அடுத்த மாதம் ஜன்னலில் வைக்கிற ஏர்கூலர் வாங்கிவிடலாம் என்பார். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை.

ஷெட்டில் அவருக்கு ஒரு பேச்சு உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவர்களிடமும் சொல்வார், அவசரப்படும் டிரைவர்களிடமும் சொல்வார். சூடு எங்கேயும் சாகாது. இங்கேயிருந்து அங்கே போகும். இன்ஜினில் இருந்து தண்ணீருக்கு. தண்ணீரில் இருந்து தகட்டுக்கு. தகட்டில் இருந்து காற்றுக்கு. போகிற வழியை மட்டும் நாம் காட்டிவிட வேண்டும்.

சூடு சாகாது. இடம் மாறும். ஆயுசு முழுக்க இதைச் சொன்னவர் அவர்.

மீன் தொட்டி வந்த கதை இது.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் ஒரு பெரிய தொட்டி இருந்தது. சக்கர நாற்காலியில் அவளை அதன் முன்னால் நிறுத்திவிட்டு அவர் மருந்து வாங்கப் போனார். திரும்பி வந்தபோது அவள் முகத்தின் பாதி இளகியிருந்தது. சரிந்த நாளில் இருந்து இறுகிக் கிடந்த முகம் அது.

வீட்டுக்கு வந்த வாரமே ஒரு சின்னத் தொட்டியை ஆட்டோவில் மடியில் வைத்து எடுத்து வந்தார். மூன்று தங்க மீன்கள். சிவப்பாய் ஒன்று, வெள்ளையாய் ஒன்று, கறுப்பாய் ஒன்று. செவப்பி, வெள்ளச்சி, கருப்பன் என்று அவரே பேர் வைத்தார். பேர் வைக்கும் வேலை எப்போதும் அவளுடையது. வேறு வழியில்லாமல் அவர் வைத்தார்.

முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி, அவளைச் சாய்த்து உட்கார வைத்தார். அவள் மீன்களைப் பார்த்தாள். வாயின் இடது ஓரம் மெல்ல மேலே போனது. கஞ்சிக்கு வாயைத் திறந்தாள்.

மாசி கழிவதற்குள் உடம்பு தலையணையில் நிற்காமல் சரிய ஆரம்பித்தது. முதுகில் தோல் சிவந்தது. கை கால் பயிற்சி கொடுக்க வந்த பெண், இனி அம்மாவை மட்டமாகப் படுக்க வையுங்கள், கஞ்சி கொடுக்கும்போது மட்டும் உங்கள் பக்கம் ஒருக்களித்துத் தாங்கினால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனாள். முனிரத்தினம் தலையணைகளை எடுத்துப் பரணில் போட்டார்.

பங்குனியில் கருப்பன் செத்தது.

சூடுதான். தண்ணீர் சுட ஆரம்பித்தால் அதில் மூச்சு குறைந்துபோகும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றைக் குடிக்கும். இரண்டு நாள் அப்படிக் குடித்துவிட்டு, மூன்றாம் நாள் கருப்பன் வயிற்றைக் காட்டி மிதந்தது.

தண்ணீர் கலங்கி நாறியது. மிச்ச இரண்டையும் வாளியில் விட்டு, தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, வெயிலில் காய வைத்தார். தையல் மேசை வெறுமையாய்க் கிடந்தது. கூரை வெறும் கூரையாய்க் கிடந்தது.

நவநீதம் வாயைத் திறக்கவில்லை. ஸ்பூனை உதட்டில் வைத்தால் கஞ்சி கன்னத்தில் வழிந்தது. காலையில் வழிந்தது. மாலையில் வழிந்தது. அவர் கெஞ்சினார், அதட்டினார், அழுதார். உதடு தைத்த மாதிரி இருந்தது.

புதுத் தண்ணீர் ஊற்றி, தொட்டியைப் பழைய இடத்தில் வைத்து, மீன்களை விட்டார். மறுநாள் வெயில் ஜன்னலில் ஏறிய வேளையில் அவள் வாயைத் திறந்தாள்.

அன்றைக்கு முனிரத்தினம் ஒரு முடிவுக்கு வந்தார். மீன் இருந்தால் இவள் இருப்பாள். மீன் போனால் இவள் போவாள். அதற்குப் பிறகு அவர் வேறு எதையும் யோசிக்கவில்லை.

கத்திரி வந்தது.

மீன் கடைக்காரன் ஒரு குளிரூட்டும் மெஷினைக் காட்டினான். அது பங்களாக்காரர்கள் சமாச்சாரம். முனிரத்தினம் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு மோட்டார், ஒரு ஃபேன், பின்னால் தகடு. நம்ம ரேடியேட்டர்தானே இது? நாற்பது வருஷம் இதோடுதானே புரண்டோம்? மாதக்கணக்கில் நர்ஸாகவும் சமையல்காரராகவும் இருந்த மனுஷனுக்கு மறுபடி கை ஊறியது.

முதலில் தொட்டி மூடியை எடுத்தார். டேபிள் ஃபேனைத் தண்ணீருக்குச் சாய்வாகத் திருப்பி வைத்தார். காற்று தண்ணீரைத் தொட்டது. தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிக் காற்றில் ஏறியது. போகிற போக்கில் சூட்டையும் தூக்கிக்கொண்டு போனது. வெப்பமானி ஒரு கோடு இறங்கியது.

அந்த ஒரு கோட்டுக்கு அவர் பட்ட சந்தோஷம் இருக்கிறதே! கட்டிலுக்கு ஓடிவந்து அவள் இடக்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு மேலே பார்த்தாள்.

அந்த டேபிள் ஃபேன் அதுவரைக்கும் அவள் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஃபேன். தலைக்கு மேலே சீலிங் ஃபேன் ஒன்று இருக்கிறதே, அது அவளுக்குப் போதும் என்று நினைத்தார். வோல்டேஜ் இல்லாத ஊரில் அந்த ஃபேன் சுற்றுகிறதா நிற்கிறதா என்று அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். அவர் அண்ணாந்து பார்க்கவில்லை.

ஃபேன் ஓட ஓடத் தண்ணீர் குறைந்தது. குறையக் குறைய ஊற்றினார். காலையில் ஒரு சொம்பு, மதியம் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. அவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது? காற்றுக்குப் போகிறது. காற்று எங்கே இருக்கிறது? கூடத்தில் இருக்கிறது. அந்தக் கேள்வியை அவர் அந்த அளவுக்குக் கூடக் கொண்டுபோகவில்லை.

பிறகு பாட்டில்கள். காலி பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி ஐஸ் பெட்டியில் அடுக்கினார். கல்லாய் உறைந்ததும் ஒன்றைத் தொட்டியில் மிதக்க விட்டார். உருகியதும் எடுத்து உள்ளே வைத்து, அடுத்ததை விட்டார். ஃபிரிட்ஜுக்கு ஓய்வில்லை. முக்கி முனகி, பகலும் இரவும் ஓடியது. அதன் பின்பக்கத்துக் கம்பிகளில் ஒருமுறை கை பட்டுவிட்டது. சுரீர் என்றது. கையை உதறிக்கொண்டு நகர்ந்தார்.

நவநீதத்தின் தலைமாட்டுப் பலகைக்கும் அந்தக் கம்பிகளுக்கும் ஒரு முழ இடைவெளிகூட இல்லை.

பிறகு தெர்மாகோல். தொட்டியின் பின்பக்கமும் இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவராய் ஒட்டினார். பிறகு ஜன்னல். சூடு வருவதே அந்த வழியாகத்தானே? ஜன்னலைச் சாத்தினார். கண்ணாடி மேல் கோணியை நனைத்துத் தொங்கவிட்டார். காய்ந்தால் மறுபடி நனைத்தார். கதவுக்கும் அப்படியே ஒரு கோணி.

கூடம் இருண்டது. ஈர வாசனை அடித்தது. வெப்பமானி இருபத்தெட்டுக்கு இறங்கியது. செவப்பியும் வெள்ளச்சியும் அடியில் நிம்மதியாய் நீந்தின.

கூரையில் நீர் ஆடவில்லை.

முனிரத்தினம் அதைக் கவனிக்கவில்லை.

நவநீதத்தின் சாப்பாடு குறைந்தது. இரண்டு வாய்க்கு மேல் வாங்கவில்லை. கத்திரியில் யாருக்குத்தான் பசிக்கிறது என்று அவர் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். தண்ணீர் கொடுத்தால் புரை ஏறியது. பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தார்.

ஒரு நாள் அவளுடைய இடக்கை மெல்ல எழுந்தது. ஒரு விரல் மேலே காட்டியது. கை நடுங்கியது, ஆனாலும் இறக்கவில்லை. அவர் சீலிங் ஃபேனைப் பார்த்தார். அது நின்றிருந்தது.

"கரண்ட் இல்லமே. வந்துதுன்னா சுத்தும்."

விரல் அப்படியே இருந்தது. வெகு நேரம் இருந்தது. பிறகு தானாகக் கீழே விழுந்தது.

கஞ்சிக்கு அவர் கேட்ட இஞ்சியைக் கொண்டுவந்த மெஹருன்னிசா, கோணியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து திகைத்து நின்றாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். அவள் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. கழற்றித் துடைத்துப் போட்டாள். மறுபடி படிந்தது.

"இன்னாண்ணே இது, நெல்லு அவிக்கிற எடம் மாதிரி கீது. அண்ணிய கீழ இட்டுகினு வாங்க. எங்க கூடம் ஜில்லுனு கீது. கத்திரி முடியறவரைக்கும் அங்க படுக்கட்டும்."

நல்ல மனசு. அண்ணன் தம்பி வீட்டில்கூட யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. முனிரத்தினத்துக்குக் கண் கலங்கியது. ஆனால் தொட்டியைக் கீழே தூக்க முடியாது. தண்ணீரோடு தூக்கினால் கண்ணாடி விரியும், தண்ணீரைக் கொட்டினால் இந்தச் சூட்டில் மீன் தாங்காது.

"மீன வுட்டுட்டு அவ வரமாட்டாம்மா. அதப் பாத்துகினு இருந்தாத்தான் அவளுக்கு உசுரு."

இதைச் சொல்லும்போது அவர் நவநீதத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. வர்றியா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளால் பேச முடியாதுதான். ஆனால் தலையை அசைப்பாள், கண்ணை மூடித் திறப்பாள். கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். பேச்சு போனவளுக்காக அவரே பேசிப் பேசி, அவளைக் கேட்கும் பழக்கமே விட்டுப்போயிருந்தது.

ஜன்னலையாவது திறந்து விடுங்கள் என்றாள் மெஹருன்னிசா. வெளிக்காற்று நெருப்பாக இருக்கிறது, தொட்டி சூடாகிவிடும் என்றார் அவர். அவள் இஞ்சியை மேடையில் வைத்துவிட்டுப் போனாள். படியிறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அந்த நாள் வந்தது.

உச்சி வெயிலில் கரண்ட் போனது. எங்கேயோ என்னவோ வெடித்ததாம், சாயங்காலம் ஆகும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். டேபிள் ஃபேன் நின்றது. சீலிங் ஃபேன் நின்றது. தொட்டிக்குக் காற்று அடிக்கும் சின்ன மோட்டார் குமிழி விடுவது நின்றது. வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டது.

முனிரத்தினம் ஓடினார். முட்டி வலியோடு மீன் மார்க்கெட் வரை போய், உமி ஒட்டின ஐஸ் கட்டியை வாளியில் வாங்கி வந்தார். உடைத்துப் பையில் கட்டி மிதக்க விட்டார். கோணிகளை நனைத்தார். பரணில் இருந்து பனையோலை விசிறியைத் தேடி எடுத்தார்.

கட்டிலின் கால்மாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு, தொட்டியைப் பார்த்து உட்கார்ந்தார். விசிறினார். தண்ணீருக்கு விசிறினார். கை மாற்றி விசிறினார். தோள் விட்டுப்போனது, விசிறினார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது, விசிறினார்.

அவருக்கு முதுகுக்குப் பின்னால் அவள்.

நடுநடுவே சேதி மட்டும் சொன்னார். செவப்பி நல்லா கீது. வெள்ளச்சி மேல வரல. கவலப்படாத. அவளிடம் இருந்து ஒரு சத்தமும் இல்லை. சத்தம் எப்போதும்தான் இல்லையே.

ஒரு தடவை எழுந்துபோய் அவளைப் பார்த்தார். பார்க்காமல் இல்லை. அதுதான் கொடுமை. கண் பாதி மூடியிருந்தது. கன்னம் சிவந்திருந்தது. நெற்றி காய்ந்து கிடந்தது. கழுத்து காய்ந்து கிடந்தது. காலையில் தொப்பலாக நனைந்திருந்த ஜாக்கெட் இப்போது உலர்ந்திருந்தது.

பரவாயில்லையே, எனக்கு ஆறாக ஓடுகிறது, இவளுக்கு வேர்க்கவே இல்லை. கோணி வேலை செய்கிறது. அப்படித்தான் நினைத்தார். தூங்கட்டும் என்று தொடாமல் திரும்பி வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். விசிறினார். மனசு லேசாக இருந்தது.

மலை மேல் வெயில் மஞ்சளாகி இறங்கிய நேரத்தில் கரண்ட் வந்தது. எல்லாம் ஒரே சமயத்தில் உயிர் பெற்றன. ஃபேன் ஓடியது. மோட்டார் குமிழி விட்டது. ஃபிரிட்ஜ் உலுக்கிக்கொண்டு எழுந்தது. விளக்கைப் போட்டு வெப்பமானியைப் பார்த்தார்.

"இருவத்தெட்டுமே. கெலிச்சிட்டோம்."

பதிலுக்குக் காத்திருந்த மாதிரி நின்றார். பிறகு போய் அவள் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார்.

அது இன்ஜின் பார்த்த கை. வைத்ததும் தெரிந்துவிட்டது. எவ்வளவு சூடு என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு நேரமாகச் சூடு என்றும் தெரிந்துவிட்டது.

தொட்டியில் மிதந்த பாட்டிலைப் பிடுங்கி அவள் கழுத்தில் வைத்தார். ஐஸ் பெட்டியில் இருந்த அத்தனை பாட்டில்களையும் வாரி அக்குளில் வைத்தார், வயிற்றில் வைத்தார், காலில் வைத்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஃபேனைத் திருப்பினார். மெஹருன்னிசா மேலே ஓடிவந்து ஜன்னலை உடைக்கிற மாதிரி திறந்தாள். தெரு ஆட்டோவில் ஏற்றினார்கள். அவளுடைய இடக்கை அவர் மடியில் கிடந்தது. அதில் பிடி இல்லை.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர் அம்மா ஒன்றொன்றாய்க் கேட்டாள். எவ்வளவு நேரமாக இப்படி இருக்கிறார்கள்? வீட்டில் காற்று வருமா? ஜன்னல் திறந்திருந்ததா? முனிரத்தினம் எல்லாம் சொன்னார். ஜன்னலைச் சாத்தியதைச் சொன்னார். கோணியைச் சொன்னார். தொட்டியைச் சொன்னார், ஃபேனைச் சொன்னார், பாட்டிலைச் சொன்னார். கூடம் எப்போதும் ஈரமாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டதாகச் சொன்னார்.

டாக்டர் அம்மா அவரைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஈரமான ரூம்ல வேர்வை காயாதுங்க ஐயா. வேர்வை காஞ்சாத்தான் உடம்புச் சூடு வெளிய போகும். சூடு போக வழியில்லாம போயிடுச்சு. வேர்வை நின்னதே அதனாலதான்."

சூடு போக வழியில்லை. இதை யாரிடம் சொல்கிறாள்? ரேடியேட்டர் முனியிடம் சொல்கிறாள்.

விடிவதற்குள் நவநீதம் போய்விட்டாள்.

பாலாற்று மணலில் அவளை எரித்தார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலும் கொதித்தது. அனலுக்குப் பயந்து எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். அவர் நகரவில்லை. மச்சினன் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

அங்கே நிற்கும்போதுதான் அது முழுசாகத் தெரிந்தது. இடி மாதிரியெல்லாம் விழவில்லை. ஷெட்டில் ஒரு வண்டியைப் பார்த்துக் கோளாறு சொல்கிற மாதிரி, ஒவ்வொன்றாய், வரிசையாய்த் தெரிந்தது.

தண்ணீரில் இருந்து சூட்டை எடுத்தாய். ஃபேன் அதைக் கூடத்துக் காற்றில் கொட்டியது. பாட்டிலில் இருந்து சூட்டை எடுத்தாய். ஃபிரிட்ஜ் அதை அவள் தலைமாட்டில் கொட்டியது. வெளியே போகிற வழியை எல்லாம் நீயே சாத்தினாய். கோணி போட்டுச் சாத்தினாய். எடுத்த சூடு எங்கே போகும்? அந்தக் கூடத்தில் போக்கிடம் என்று இருந்தது அவள் உடம்பு ஒன்றுதான்.

சூடு சாகாது. இடம் மாறும். நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் சொன்ன பேச்சு. வூட்டுல ஒருத்தி வெந்துகினு கீறேன் என்று அவள் தட்டின் முன்னால் சொல்லிச் சிரித்தது காதில் கேட்டது. அவருக்குத் தன் கைகளையே பார்க்கப் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் மழை வந்தது. கோடை மழை. மலையில் இடித்து, புழுதியைக் கிளப்பி, சடசடவென்று தளத்தில் இறங்கியது. தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்து முகத்தைக் காட்டி நின்றார்கள். ஒரு நாள் முன்னால் வரக்கூடாதா என்று மெஹருன்னிசா வாய்விட்டு அழுதாள். மழைக்கு என்ன தெரியும்?

வந்த சொந்தக்காரர்கள் பால் தெளித்த கையோடு கிளம்பிப் போனார்கள். கூட வந்து இரேன் என்று மச்சினன் கூப்பிட்டான். அவர் தலையை ஆட்டிவிட்டார்.

மறுநாள் காலை மெஹருன்னிசா ஒரு டம்ளர் டீயோடு மேலே வந்தாள். அவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். மடித்துப் போட்டிருந்த கோணிகளை வெளியே எறிந்தாள். ஆட்கள் வந்து போனதில் மூடிக்கிடந்த ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்தாள். தொட்டியைச் சுற்றியிருந்த தெர்மாகோலைப் பிய்த்தாள். உள்ளே செவப்பியும் வெள்ளச்சியும் கண்ணாடியில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றன.

"மீனுக்கு எதாச்சும் போடட்டுமாண்ணே? பட்டினியா கீதுங்க."

"போடும்மா. அதுங்க இன்னா பண்ணிச்சி, பாவம்."

அவள் ஒரு சிட்டிகை தீனியைத் தூவிவிட்டு, டீயைக் குடிக்கச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

முனிரத்தினம் எழுந்தார். கட்டிலில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் இருந்து மீன்கள் தெரிந்தன. கால்மாட்டுப் பலகைக்கு மேலே, தொட்டிக்குள், இரண்டும் தீனியைத் துரத்திக்கொண்டிருந்தன. கஞ்சி கொடுக்கும்போதெல்லாம் இதே இடத்தில் உட்கார்ந்துதான் அவர் பார்ப்பார்.

உடம்பு தாங்கவில்லை. அப்படியே சாய்ந்து, அவள் தலை வைத்த இடத்தில் தலையை வைத்தார்.

மீன்கள் மறைந்தன.

திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினார். மீன்கள் இருந்தன. தலையை வைத்தார். மீன்கள் இல்லை. கால்மாட்டுத் தேக்குப் பலகை இருந்தது. பலகையில் செதுக்கிய மயில் இருந்தது. தொட்டி இல்லை, மேசை இல்லை, எதுவும் இல்லை.

தலையணையை எடுத்த நாளில் இருந்து அவள் மீனையே பார்க்கவில்லை.

அவர் அசையாமல் கிடந்தார். அப்படியானால் எதைப் பார்த்தாள்? கண்ணைத் திறந்துகொண்டு, காலை முழுக்க, எதைப் பார்த்துக்கொண்டு இந்தக் கட்டிலில் கிடந்தாள்? தொட்டி காலியாக இருந்தபோது எதற்காக வாயை மூடினாள்? தண்ணீர் ஊற்றிய மறுநாள், வெயில் ஏறியதும் எதைப் பார்த்து வாயைத் திறந்தாள்? நடுங்கிய விரலைத் தூக்கி, இறக்காமல், வெகு நேரம் எதைக் கேட்டாள்?

மழை கழுவிய வெயில் ஜன்னலில் ஏறியது. தண்ணீரைத் தொட்டது.

வாழ்க்கையில் முதல் தடவையாக முனிரத்தினம் அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

கூரையில் நீர் ஆடியது. சுருங்கியது. விரிந்தது. கீழே, அவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மீன் ஒன்று வாலை அடித்தது. கூரை முழுக்கக் குலுங்கியது.